தொட்டிச் செடியும் வீட்டுத் தண்ணீரும்

விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டியைப் போன்ற கரிசல் பிரதேசத்தில் தொட்டி வைத்துச் செடி வளர்க்க முற்படுகிறவர்கள், எந்தச் செடியை வாங்கலாம், எந்த உரத்தை இடலாம் என்று ஊரெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால், தம் வீட்டில் புழங்குகிற தண்ணீரின் சுபாவம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான், மாடியிலும் முற்றத்திலும் நெடுங்காலமாகச் செடிகளோடு பழகிய அனுபவத்தில் நான் முதலாவதாக வைக்கும் பாடம். மண்ணை விலைக்கு வாங்கலாம். விதையைச் சிநேகிதர்களிடம் கேட்டுப் பெறலாம். தண்ணீர் மட்டும், நாம் குடியிருக்கிற நிலத்தின் அடியில் எது இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் வாய்க்கிறது. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல, பருப்பு வேகாத தண்ணீரையே தருகின்றன. குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைத் தேடிக்கொள்கிற குடும்பங்கள், தமக்கு ஒவ்வாத அதே நீரைச் செடிக்குக் குடம் குடமாக ஊற்றிவிட்டு, அது ஏன் தழைக்கவில்லை என்று மனம் வருந்துவதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் ரோஜா வளர்க்கிற ஒரு பெண், "பெரியப்பா, வேளா வேளைக்கு ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன், இலை நுனி மட்டும் கருகிக்கிட்டே போகுது. வந்து என்னன்னு பாருங்களேன்" என்று ஒருநாள் அழைத்தாள். "அது இருக்கட்டும் தாயி, நீ ஊத்துறது எந்தத் தண்ணி?" என்று கேட்டேன். போர் தண்ணீர் என்றாள். தொட்டி மண்ணின்மேல் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. அதற்குமேல் பரீட்சிக்க ஒன்றும் இல்லை.

இந்த உப்பு தொட்டியில் செய்கிற காரியத்தைச் சற்று விவரமாகச் சொல்வது பிரயோஜனப்படும். வயலில் உப்பு நீர் பாய்ந்தாலும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை வந்து, அவ்வாண்டு சேர்ந்த உப்பில் ஒரு பகுதியைக் கரைத்து வேருக்கு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். தொட்டியிலோ, ஊற்றிய நீர் வெயிலில் ஆவியாகிப் போக, அதில் கரைந்திருந்த உப்பு போக வழியில்லாமல் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே வந்து, கடைசியில் மண்ணில் ஈரம் இருந்தும் அதை வேரால் உறிஞ்ச முடியாத அவஸ்தையைச் செடிக்கு உண்டாக்கிவிடுகிறது. இலையின் நுனியும் விளிம்பும் பழுப்பேறிக் கருகுவது அதன் அடையாளம். நீர் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு, அதே நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தெளிப்பவர்கள் நோயைப் போஷிக்கிறார்கள்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1985-இல் திருத்தி வெளியிட்ட பாசன நீர் பற்றிய நூலொன்றில், லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புக் கரைந்த நீரை உப்பின் பொருட்டு அஞ்சாமல் பாய்ச்சலாம் என்றும், 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் கடுமையான எச்சரிக்கை வேண்டும் என்றும் கணக்குச் சொல்லியிருக்கிறது. நீரில் கரைந்த உப்பை அளக்கிற, பேனா அளவுள்ள டிடிஎஸ் மீட்டர் இப்போது சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிக்கொண்டு, கோடையில் ஒருமுறையும் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் தத்தம் தண்ணீரை அளந்து பார்ப்பது, உரத்துக்குச் செலவிடுகிற பணத்தைவிட அதிகப் பலன் தரும் என்பது என் அபிப்பிராயம். சுத்திகரிப்புக் கருவியிலிருந்து கழிவாக வெளியேறும் நீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுகிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. கிணற்று நீரிலுள்ள உப்பெல்லாம் செறிந்து வருவதே அந்த நீர். அதைக் கொண்டு வாசல் கழுவலாம், தொட்டிக்கு மட்டும் ஆகாது. மாறாக, அறையைக் குளிர்விக்கும் ஏசி கருவியிலிருந்து சொட்டுகிற நீரில் உப்பு கிடையாது. கீழே ஒரு வாளி வைத்தால் அது நாற்றுகளுக்கு உத்தமமான நீர்.

ஆனால் உப்பு நீரைத் தவிர வேறு கதியில்லாத வீடுகளே அதிகம் என்பதால், அதை வைத்துக்கொண்டே பிழைக்கும் உபாயத்தைச் சொல்லியாக வேண்டும். தினந்தோறும் மேலோட்டமாகத் தெளிப்பதை விட்டுவிட்டு, மண்ணின் மேல்பகுதி விரற்கடை ஆழத்துக்கு உலர்ந்தபின், ஊற்றிய நீரில் ஐந்தில் ஒரு பங்காவது அடித் துவாரத்தின் வழியே வெளியேறும்வரை நிதானமாக ஊற்ற வேண்டும். வெளியேறுகிற அந்த நீரோடுதான் உப்பும் வெளியேறுகிறது. ஆகவே தொட்டியின் அடியில் தட்டு வைத்து, வடிந்ததைச் செடி மறுபடியும் உறிஞ்சும்படி விடக் கூடாது; இரண்டு செங்கல்லின்மேல் தொட்டியைத் தூக்கி வைப்பது நல்லது. மழை பெய்கிற நாட்களில் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் பத்திரப்படுத்துவது தவறான அன்பு. அந்த மழை அவற்றின்மேல் விழ வேண்டும். நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான் என்றாலும், நூறு சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் தொண்ணூறு லிட்டர் நீர் விழுகிறது. அதை மூடியுள்ள டிரம்மில் பிடித்து, கொசு புகாதபடி துணி கட்டி வைத்தால், தை மாசி வரையில் நாற்றுக்கும் ரோஜாவுக்கும் ஈடுகொடுக்கலாம்.

மண்ணைப் பற்றி அடுத்து. கரிசல் மண் நம் பருத்திக்கும் சோளத்துக்கும் தாய் மடியாக இருப்பது மெய்யே. ஆயினும் அதைத் தனியே தொட்டியில் நிரப்பினால், நனைந்தபோது உப்பிக் காற்றுப் புகாமல் இறுகி, காய்ந்தபோது சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகி, பிறகு ஊற்றுகிற நீரெல்லாம் அந்த இடைவெளியில் ஓடி வீணாகிவிடும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து, கரிசலை அதில் ஒரு கைப்பிடிபோலச் சேர்த்தால், ஈரம் காக்கிற அதன் குணம் மட்டும் நமக்குக் கிடைக்கும். தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித் தோட்டத் தளைகள் என்கிற சாமான் தொகுப்புகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கிய பிறகு, தென்னை நார்க்கழிவுக் கட்டிகளும் குரோ பேக் என்கிற பைகளும் நம் ஊர்வரை பரவிவிட்டன. மாடிக்குப் பாரம் குறைவு என்பதால் நார்க்கழிவு நல்லதுதான். அதற்குள்ளும் இயல்பாகவே உப்பு உண்டு என்பதை அறிந்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிற்பாடே அதைக் கலக்க வேண்டும்.

தொட்டிகளில் சுட்ட மண் தொட்டிக்கு நிகரானதை நான் பார்த்ததில்லை. மானாமதுரை மண்பாண்டம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வளவு அருகில் அப்பேர்ப்பட்ட குயவர்கள் இருக்கும்போது நாம் பிளாஸ்டிக்கைத் தேடிப் போவது வருத்தத்துக்குரியது. மண் தொட்டியின் சுவர் சுவாசிக்கிறது. அதன் வெளிப்புறத்தில் வெண்மையாகப் பூப்பது, உள்ளிருந்து கசிந்து வந்த உப்பே ஆதலால், அதை ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும். கோடையில் சீக்கிரம் காய்ந்துபோகும் என்ற ஒரு குறைக்கு, சுற்றிலும் ஈரச் சாக்கைக் கட்டுவது பரிகாரம்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலோடும் அச்சுத் தொழிலோடும் சம்பந்தப்பட்ட உறவினர் இல்லாத வீடு இங்கே அரிது. அவர்கள் மூலமாகக் காலி டிரம்மும் மை டப்பாவும் ரசாயனம் வந்த சாக்கும் இலவசமாக வீடு வந்து சேருகின்றன. வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட் பயிருக்கும் உரமாவதால், அந்தச் சாக்கில் ஒட்டியிருப்பது செடிக்கு நல்லது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அதே கிடங்கில் அலுமினியத் தூளும், பச்சை நிறம் காட்டுவதற்காகப் பேரியம் உப்புகளும் புழங்கியிருக்கலாம் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. பட்டாசில் பேரியத்தை உபயோகிக்கக் கூடாதென்று உச்சநீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது; கரையக்கூடிய பேரிய உப்பு உடலுக்கு நஞ்சு. கீரையும் மிளகாயும் விளைகிற தொட்டியில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட பாத்திரங்களை எவ்வளவு கழுவினாலும் உண்ணும் பயிருக்கு ஏற்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மூடாக்கு இடுவதற்கும் வர்ணம் அச்சிட்ட பளபளப்புத் தாள் வேண்டாம். வேப்பஞ்சருகும் தேங்காய் மட்டையும் போதும்.

இனிச் செடிகள். மல்லிகையை முதலில் வைக்காமல் நம் பக்கத்தில் யாரும் தோட்டம் தொடங்குவதில்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு விருதுநகர் மாவட்டமும் உரிய நிலம். அதன் நாற்றுகள் ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் பக்கத்துப் பதியன்களிலிருந்து வருவது நெடுநாளைய சம்பிரதாயம். ஒரு முழ அகலமுள்ள தொட்டியில் வைத்து, நாள் முழுதும் வெயில் படும்படி விட்டு, கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழிக்குள் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தயங்காமல் கவாத்து செய்துவிட வேண்டும். பச்சைக் கிளையை வெட்ட மனம் வராதவர்களின் மல்லிகை கொடியாய் ஓடுமே தவிர, பங்குனியில் மொட்டு வைக்காது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், சுண்ணாம்பு மிகுந்த நம் மண்ணிலும் நீரிலும் இரும்புச் சத்தைச் செடியால் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று அர்த்தம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் இலைமேல் தெளித்தால், அடுத்து வரும் தளிர் பச்சையாக வருவதைக் காணலாம். இந்த வைத்தியத்தைத் தெரிந்துகொள்ளாமல், மஞ்சளைக் கண்டவுடன் யூரியாவைப் போட்டு உப்பை இன்னும் ஏற்றுகிறவர்கள் பலர். சந்தேகம் வந்தால், அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் இலையைக் காட்டிக் கேட்கலாம்.

மிளகாயில் இலை சுருண்டுவிட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எந்தத் திக்கில் சுருண்டது என்று பார்க்க வேண்டும். மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். அதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். கீழ்நோக்கி மடங்கி இலைக்காம்பு நீண்டால் சிலந்திப்பேன். அதற்கு விவசாய மருந்துக் கடையில் விற்கும் நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், வெயில் தணிந்தபின். பட்டாசுக்கு வாங்கிய கந்தகத்தைக் கரைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு, கூடாது. நித்தியகல்யாணியோ எந்தக் கவனிப்பையும் கேட்காது. நம் வறண்ட மானாவாரி நிலங்களில் அதை மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். புற்றுநோய்க்கு உதவுகிற வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற மருந்துகள் அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவை. உவர் நீர் மட்டுமே உள்ள வீட்டுக்கு அதையும், காகிதப்பூவையும், கற்றாழையையும், பருப்புக்கீரையையும் முதலில் சிபாரிசு செய்வேன். ரோஜா, எலுமிச்சை, பீன்ஸ் மூன்றும் உப்பைத் தாங்காதவை, மழைநீர் சேமிக்கிற வீட்டுக்கே உரியவை. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுகிற வழக்கம் நல்லதே, உப்புப் போட்ட மோராக இல்லாத வரையில்.

அக்கினி நட்சத்திர நாட்களில் பிற்பகல் வெயிலை மறைக்கப் பாதி நிழல் தரும் பச்சை வலையைக் கட்டி, தொட்டிகளை நெருக்கமாகச் சேர்த்து வைத்து, சூரியோதயத்துக்கு முன்னரே நீர் ஊற்றி முடித்துவிட வேண்டும். வெளியூர் போகிறவர்கள், பெரிய தொட்டிகளில் மெருகிடாத சிறு மண்கலயம் ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நல்ல நீர் நிரப்பி மூடிவிட்டுப் போனால், அது கசிந்து கசிந்து வேரைக் காப்பாற்றும்.

செடி வளர்க்கிறவர்கள் தம்முள் கொடுத்து வாங்குவதால்தான் தோட்டம் விருத்தியாகிறது. அதற்கு ஏற்ற பருவம் ஐப்பசி. ஆனியில் மல்லிகைக் கிளையை வளைத்து மண்ணில் பதித்திருந்தால், மூன்று நான்கு மாதத்தில் வேர்விட்டு, மழை தொடங்கும்போது பிரித்துக் கொடுக்கத் தயாராக இருக்கும். கொடுக்கிறவர், செடியின் பேரைச் சொல்வதோடு, தாம் அதை எந்தத் தண்ணீரில் வளர்த்தார் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். மழைநீரில் வளர்ந்த கன்றைத் திடீரென்று உவர் நீருக்கு மாற்றினால் அது இலையைக் கொட்டிவிடும். ஆகையால் வாங்கிக்கொண்டு போகிறவர் முதல் இரண்டு வாரம் மழைநீரையும் தம் வீட்டு நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, புதுத் தளிர் இரண்டு மூன்று விரிந்த பிறகே முழுக்கத் தம் வீட்டு நீருக்கு மாற வேண்டும்.