இரண்டு நாளில் பழைய தலைநகரம்: ஓசூரிலிருந்து மைசூர் போக 13 குறிப்புகள்

சிப்காட் வேலை, ஷிஃப்ட், பிள்ளைகளின் பரீட்சை என்று ஓடும் ஓசூர் வீடுகளில் வெளியூர்ப் பயணம் என்றால் பெரும்பாலும் பெங்களூர் மாலோடு முடிந்துவிடும். அதைத் தாண்டி இன்னும் மூன்று மணி நேரம் போனால் ஸ்ரீரங்கப்பட்டணமும் மைசூரும். ஒருகாலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் நமக்கும் தலைநகரம்தான். கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் 1792 வரையிலும், ஓசூர் 1799 வரையிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கட்டுப்பட்டிருந்தன. நம் பழைய தலைநகரைப் பார்க்க இரண்டு நாள் போதும்.

1. கிழமை முக்கியம். ஞாயிறு காலை கிளம்பி, திங்கள் இரவு திரும்புவது வசதி. மைசூர் அரண்மனையின் மின்விளக்கு அலங்காரத்தை ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் முழுமையாகப் பார்க்கலாம். செவ்வாயன்று மிருகக்காட்சி சாலை மூடியிருக்கும். ஆயுத பூஜை விடுமுறையில் போக நினைத்தால், அதுதான் தசரா சமயம். அறை வாடகையும் கூட்டமும் எகிறும், முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

2. பெங்களூருக்குள் நுழையாதீர்கள். எலக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் ரோட்டில் ஏறினால், சில்க் போர்டு நெரிசலைத் தொடாமல் மைசூர் ரோட்டுக்குப் போய்விடலாம். டோல் கூடுதல்தான், ஆனால் பிள்ளைகள் காரில் சிணுங்கும் ஒரு மணி நேரம் மிச்சம். ஃபாஸ்டேக்கில் முதல் நாளே பணம் போட்டுவிடுங்கள்.

3. பைக்கில் போகிறவர்கள் கவனிக்க. பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதி இல்லை. பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

4. வாடகைக் கார் என்றால் கர்நாடக பர்மிட் செலவு பேசிய தொகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். அத்திப்பள்ளி வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் சண்டைதான் மிஞ்சும்.

5. பஸ், ரயில். தூத்துக்குடி-மைசூர் விரைவு ரயில் ஓசூர் வழியாகவே போகிறது. நேரத்தைப் பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பஸ் என்றால் பெங்களூரில் மாறி ஏற வேண்டும். கர்நாடக அரசுப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டுமே. ஒரே வீட்டில் அத்தைக்கு இலவசம், அண்ணிக்கு டிக்கெட் என்பதெல்லாம் எல்லை ஊரில் சகஜம். சில்லறை வைத்திருங்கள்.

6. கிளம்பும் முன் வீட்டில் சிலிண்டரை ரெகுலேட்டரிலேயே மூடுங்கள். பால்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள். மீந்த சாம்பாரை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மோட்டார் சுவிட்சை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

7. கட்டுசாதம். முதல் வேளைக்கு, இட்லியை நன்றாக ஆறவைத்து, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் மடியுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், மதியத்துக்குள் ஊசிவிடும். மதியத்துக்குப் புளிசாதம். காரில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வயிறு முட்டக் கொடுக்காமல், முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம் கொடுங்கள்.

8. முதலில் ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூருக்குச் சுமார் 15 கிலோமீட்டர் முன்பே வருகிறது. ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, 1784-இல் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட தரியா தௌலத் மாளிகைக்குப் போங்கள். அதன் வெளிச்சுவர் ஓவியத்தில் 1780-இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் நடந்த போர் இருக்கிறது. “பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கிற வெள்ளைக்காரரைக் கண்டுபிடி” என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தோற்ற தளபதி பெய்லி அவர். வரலாறு என்றாலே ஓடுகிற பிள்ளையும் சுவரை விட்டு நகராது.

9. மாலை 7 மணிக்கு அரண்மனை வாசல். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும். முக்கால் மணி நேரம்தான், 6.30-க்கே போய் நில்லுங்கள். கூட்டத்துக்குள் போகும் முன், சிறு பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் போன் எண் எழுதிய சீட்டை வைத்துவிடுங்கள்.

10. உள்ளே பார்ப்பது திங்கள் காலை. 10 மணிக்குத் திறப்பார்கள், முதல் ஆளாக நுழைந்தால் நெரிசல் இல்லை. செருப்பை வெளியே விட வேண்டும், எனவே கழற்ற எளிதான செருப்பே நல்லது. பழைய அரண்மனை மரத்தாலானது. 1897-இல் அரச குடும்பத்துக் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. இப்போதுள்ளதை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. 1912-இல் வேலை முடிந்தது. கல்யாண மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள், மயில்கள் விரிந்த வண்ணக் கண்ணாடிக் கூரை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. “ஐரோப்பாவுக்கு எப்போ போறது?” என்று கேட்கும் பிள்ளைக்கு அதைக் காட்டலாம்.

11. பாட்டி, தாத்தாவோடு போனால் சாமுண்டி மலைக்குக் காரிலேயே ஏறிவிடுங்கள். படிகள் ஏறத்தாழ ஆயிரம். வழியில் 17-ஆம் நூற்றாண்டில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தியிடம் இறங்கிப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

12. வாங்குவதில் நிதானம். பாஷை பயம் நமக்கு இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓசூர்த் தெருவிலேயே காதில் விழுகிறவை. பேரத்தைப் பிள்ளைகளிடம் விடுங்கள், “எஷ்டு?” என்று கேட்கட்டும். மைசூர் பட்டு வேண்டுமென்றால் அரசு நிறுவனக் கடைக்கே போய், சேலையிலுள்ள குறியீட்டு எண்ணைப் பாருங்கள். தெருவில் விற்கும் ‘சந்தனக்கட்டை’யை நம்பாதீர்கள். மைசூர்பாகை எவர்சில்வர் டப்பாவில் மாற்றிக்கொண்டால் நெய் கசிந்து துணிப்பை பாழாகாது.

13. திரும்பி வந்த அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரிக் கோட்டை மலைக்கு வெயிலுக்கு முன்பே ஏறுங்கள். தண்ணீரும் தொப்பியும் போதும். 1791-இல் ஆங்கிலப் படை முட்டிமோதியும் பிடிக்க முடியாத கோட்டை இது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போட்ட ஒரு கையெழுத்தில் கைமாறிப்போனது. போன வாரம் அந்த ஊரில் நின்றுவிட்டு வந்த பிள்ளைக்கு, இந்த மலை இனி வெறும் பாறையாகத் தெரியாது.