'வா' என்பதை 'வரவும்' ஆக்கும் எக்ஸெல் ஷீட்

கம்ப்யூட்டரில் எந்த புரோகிராமைத் தமிழுக்கு மாற்றினாலும், மெனுவில் சேமி, திற, மூடு, வெட்டு, ஒட்டு போன்ற சொற்கள் இருப்பதைக் காணலாம். இலக்கணத்தில் இவை ஏவல் வினைகள். "சேமி" என்று கிளிக் செய்கையில் நாம் கம்ப்யூட்டருக்குக் கட்டளை இடுகிறோம். கம்ப்யூட்டருக்கு மரியாதை தேவையில்லை என்பதால் இதில் தவறேதும் இல்லை. ஆனால் அதே கம்ப்யூட்டர் திரும்பி ஒரு மனிதருக்குச் செய்தி அனுப்பும்போதுதான் சிக்கல் வருகிறது.

வாலாஜாபாத் அருகே உள்ள எங்கள் தென்னேரியில், நெசவாளர்களுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்துச் சேலை நெய்து வாங்கும் ஒருவரின் கணக்கை நான் கம்ப்யூட்டரில் பார்த்துத் தருகிறேன். அவர் வாங்கிய சாப்ட்வேர், பட்டியலில் உள்ள வினைச்சொல்லை அப்படியே எடுத்து மொபைல் செய்தியாக அனுப்பும். அறுபது வயதைத் தாண்டிய ஒரு நெசவாளருக்கு, "பாவு தயார். வா. கணக்கு நோட்டைத் தா" என்று செய்தி போனது. அவர் வரவில்லை. "வா, போ என்று கூப்பிட்டால் யார் வருவார்கள்?" என்று மகனிடம் சொல்லி அனுப்பினார். பாவு நான்கு நாள் அப்படியே கிடந்தது. தறியும் நின்றது, கூலியும் நின்றது.

இதனைச் சரி செய்ய நான் தயாரித்த எக்ஸெல் ஷீட்டின் வழிமுறை இங்கு தரப்படுகிறது. கடைக்காரர்கள், சங்கத்தினர், பள்ளி அலுவலகத்தினர் என யாருக்கும் இது பயன்படும்.

பொது விதி

மரியாதைக் கட்டளைக்கு நாம் பயன்படுத்துவது "வும்" என்ற முடிவு. இதில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு.

1. உகரத்தில் முடியும் சொற்கள்: எழுது - எழுதவும், மூடு - மூடவும், சுற்று - சுற்றவும், அனுப்பு - அனுப்பவும். கடைசி உகரம் போய்விடும்.

2. மற்ற சொற்கள்: சேமி - சேமிக்கவும், திற - திறக்கவும், பிணை - பிணைக்கவும், பார் - பார்க்கவும். இங்கு "க்கவும்" சேரும்.

யூனிகோட் முறையில் முதல் பிரிவு மிக எளிது. "மூடு" என்ற சொல் நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. ஆனால் கம்ப்யூட்டர் அதை ம, ஊகாரக் குறி, ட, உகரக் குறி என நான்கு குறியீடுகளாக வைத்துள்ளது. கடைசிக் குறியீட்டை மட்டும் நீக்கினால் "மூட" கிடைக்கும். அதனுடன் "வும்" சேர்த்தால் போதும். உகரக் குறியின் யூனிகோட் எண் 3009. (பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் டைப் செய்த பைல்களில் இது வேலை செய்யாது.)

விதிக்கு அடங்காதவை

நாம் தினமும் அதிகம் பேசும் சொற்கள்தான் விதியை மீறுகின்றன. இவற்றை "விலக்கு" என்ற பெயரில் தனி ஷீட்டில், முதல் நெட்டு வரிசையில் வேர்ச்சொல், இரண்டாவதில் சரியான வடிவம் என டைப் செய்திடவும்.

வா - வரவும்
தா - தரவும்
போ - போகவும்
கேள் - கேட்கவும்
நில் - நிற்கவும்
செல் - செல்லவும்
சொல் - சொல்லவும்
செய் - செய்யவும்
எடு - எடுக்கவும்
கொடு - கொடுக்கவும்
இரு - இருக்கவும்
அறி - அறியவும்

நில், செல் இரண்டும் ஒரே மாதிரி முடிந்தாலும் ஒன்று "நிற்க", மற்றொன்று "செல்ல" என மாறுவதைக் கவனியுங்கள். எடு, கொடு, இரு ஆகியவை உகரத்தில் முடிந்தாலும் முதல் பிரிவில் சேராது. சேர்த்தால் "எடவும்", "கொடவும்" என்று வரும். "இரு" என்பது "இரவும்" ஆகி, பகலும் எங்கே என்று கேட்க வைக்கும்!

பார்முலா அமைத்தல்

முதல் ஷீட்டில் முதல் நெட்டு வரிசையில் வேர்ச்சொற்கள் இருக்கட்டும். பக்கத்து செல்லில் பார்முலா மூன்று படிகளாகச் செயல்பட வேண்டும்.

1. வீலுக்கப் பங்ஷன் மூலம் சொல்லை "விலக்கு" ஷீட்டில் தேடவும். இதன் கடைசி மதிப்பைக் கட்டாயம் 0 எனத் தரவும். இல்லையெனில், கிட்டத்தட்டப் பொருந்தும் வேறு சொல்லின் விடையைக் கொண்டுவந்துவிடும்.

2. சொல் கிடைக்கவில்லை எனில் பிழைச் செய்தி வரும். அதனை இஃப்எரர் பங்ஷனால் பிடித்து அடுத்த படிக்கு அனுப்பவும். ரைட் பங்ஷன் மூலம் கடைசிக் குறியீட்டை எடுத்து, யூனிகோட் பங்ஷனில் அதன் எண்ணைப் பார்க்கவும். 3009 என்றால் லெஃப்ட், லென் பங்ஷன்களால் அந்த ஒரு குறியீட்டை மட்டும் நீக்கி "வும்" சேர்க்கவும்.

3. வேறு எண் என்றால் முழுச் சொல்லுடன் "க்கவும்" சேர்க்கவும்.

சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் ஸ்பேஸ் விழுந்திருந்தால் தேடல் தோற்றுவிடும். எனவே எல்லா இடத்திலும் ட்ரிம் பங்ஷனைச் சேர்த்துக் கொள்ளவும். யூனிகோட் பங்ஷன் எக்ஸெல் 2013 முதல் உள்ளது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதே முறை செயல்படும்.

ஸ்பானிஷிலும் இதே கதை

ஸ்பானிஷ் மொழியில், நெருக்கமானவரை ஏவும்போது விதியை மீறும் சொற்கள் எட்டு: பென் (வா), பே (போ), தி (சொல்), ஆஸ் (செய்), போன் (வை), சால் (வெளியே போ), தென் (வைத்துக்கொள்), ஸே (இரு). வா, போ, சொல், இரு என நம் பட்டியலில் உள்ளவையே அங்கும் விலக்கு! அதிகம் புழங்கும் சொற்கள் பழைய வடிவத்தை எளிதில் விடுவதில்லை.

மரியாதை தரும்போது "பென்" என்பது "பெங்கா" ஆகும். "ஆஸ்" என்பது "ஆகா" ஆகும். "இங்கே கிளிக் செய்யவும்" என்பதற்கு ஸ்பானிஷ் திரையில் "ஆகா கிளிக்" என்றே வரும். மெனுவில் மட்டும் "குவார்தார்", அதாவது "சேமித்தல்" என யாரையும் ஏவாத பொது வடிவத்தை வைக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். "வரவும்" என்பது மரியாதைதான். ஆனாலும் நோட்டீஸ் வாசனை அடிக்கும். பெரியவர்களை அழைக்கும் செய்தியில் "வாருங்கள்" என்பதே இதமாக இருக்கும். இதற்காக விலக்கு ஷீட்டில் மூன்றாவது நெட்டு வரிசை அமைத்து வாருங்கள், தாருங்கள், போங்கள், கேளுங்கள், நில்லுங்கள், சொல்லுங்கள் எனச் சேர்த்து வைக்கலாம். எங்கள் ஊர் செய்தி இப்போது "பாவு தயாராக உள்ளது. வாருங்கள். கணக்கு நோட்டையும் எடுத்து வரவும்" என்று போகிறது.

உங்கள் ஷீட் சரியாக உள்ளதா எனச் சோதிக்க கட்டு, பிரி, தொடு, நெய், கல் என்ற ஐந்து சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். முதல் மூன்றும் கட்டவும், பிரிக்கவும், தொடவும் என விதிப்படியே வரும். நெய்யவும், கற்கவும் என்ற இரண்டையும் நீங்கள் விலக்கு ஷீட்டில் சேர்க்க வேண்டியிருக்கும்.