பல்லேகமவிலிருந்து திமிங்கிலக் கடலுக்கு: மாத்தளைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பல்லேகமவின் களு கங்கை, இரத்தினபுரி வழியே ஓடும் களு கங்கை அல்ல. நக்கிள்ஸ் மலைத்தொடரில் பிறந்து அம்பன் கங்கையில் சேரும் சிற்றாறு இது. அம்பன் கங்கை மகாவலியில் சேர்கிறது. மகாவலி, மொத்தம் 335 கிலோமீட்டர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. பழைய பல்லேகம நகரத்தை மூடி நிற்கும் களு கங்கை நீர்த்தேக்கத்தின் தண்ணீரில் வயல்களுக்குப் போனது போக மிஞ்சுவது, திருகோணமலைக் கடலைத்தான் சென்றடைகிறது.

அந்தக் கடலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, மூவாயிரம் மீற்றருக்கும் கூடிய ஆழம் வரை இறங்குகிறது. பல கரைகளில் வெகுதூரம் போய்த் தேடவேண்டிய ஆழ்கடல், இங்கே கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலமும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் சிறு படகில் போய்ப் பார்த்துத் திரும்பும் தூரத்துக்குள் வருகின்றன.

நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றிவரும் ஆர்க்டிக் கப்பல் பயணங்களின் படங்களைப் பார்த்து ஏங்குபவர்கள் நம்மிடையே பலர். பனிக்கரடியையும் பனிப்பாறையையும் பார்க்க அங்கேதான் போகவேண்டும். ஆனால் உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரியதாக அறியப்பட்ட நீலத் திமிங்கிலத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மற்றப் பெருங்கடல்களில் அது குளிர்ந்த துருவ நீரில் இரை தின்று, இனப்பெருக்கத்துக்காக வெப்பக் கடல்களுக்கு வருவதே பொது வழக்கம். நமது தீவைச் சுற்றியுள்ளவையோ துருவம் பக்கம் போகாமல் வெப்பக் கடலிலேயே தங்கி, இங்கேயே தின்று, இங்கேயே குட்டி ஈனுகின்றன. இதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ்.

மாத்தளை, இறத்தோட்டை, பல்லேகம, நாவுல பக்கத்துக் குடும்பங்கள் இந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடலாம் என்பதை இனிப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. காலத்தைத் தெரிவுசெய்யுங்கள்

வாடைக்காற்று வீசும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். அந்த நாட்களில் திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸவுக்கோ கற்பிட்டிக்கோதான் போவார்கள். மார்ச்சிலிருந்து கிழக்குக் கடல் அடங்கத் தொடங்கி, ஏறத்தாழ செப்டெம்பர் வரை சிறு படகுகளுக்கு இடம் கொடுக்கிறது. பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஏப்ரல், ஓகஸ்ட் விடுமுறைகள் வசதி.

இந்தக் காலம் முழுவதும் திமிங்கிலங்கள் ஒரே அளவில் தென்படுவதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் தெரியும். அடுத்த வாரம் ஒன்றும் இராது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பாக நிலாவெளி அல்லது உப்புவெளியில் உள்ள படகுக்காரரிடம் தொலைபேசியில் கேளுங்கள். "இந்தக் கிழமை கண்டீங்களா, எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில?" என்ற மூன்று கேள்வி போதும். நேர்மையான படகோட்டி, காணவில்லை என்றால் காணவில்லை என்றே சொல்வார்.

வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் தரும் கடற்பிரதேச அறிக்கையையும் பாருங்கள். திருகோணமலைக் கடலுக்குப் பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

2. ஒருநாள் முன்னதாகவே போய்த் தங்குங்கள்

படகுகள் விடியற்காலையில் புறப்படும். பல்லேகமவிலிருந்து அன்றே கிளம்பி அந்த நேரத்தைப் பிடிப்பது நடக்காத காரியம். இரவு முழுவதும் வாகனத்தில் குலுங்கிவிட்டு நேரே படகில் ஏறுபவருக்கு வாந்தி வருவது ஏறக்குறைய உறுதி.

பல்லேகமவிலிருந்து நாவுலவுக்கு வந்து ஏ9 வீதியைப் பிடியுங்கள். தம்புள்ளையில் ஏ6 வீதிக்கு மாறினால் ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை. தம்புள்ளையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பஸ்ஸில் வருபவர்களும் தம்புள்ளையில் மாறிக்கொள்ளலாம்.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டு யானைகள் வீதியைக் கடக்கும். பொழுது சாய்வதற்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடும்படி வீட்டிலிருந்து புறப்படுங்கள். யானை வீதியில் நின்றால் வாகனத்தைத் தள்ளி நிறுத்துங்கள். ஒலி எழுப்பவோ, உணவு போடவோ, இறங்கிப் படம் எடுக்கவோ கூடாது.

3. படகைப் பார்த்துப் பேசுங்கள்

நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் பெரும்பாலும் பைபர் படகுகள்தான். சில மீன்பிடிக்கும் போகும்; பருவத்தில் பயணிகளையும் ஏற்றும். பணம் கொடுப்பதற்கு முன், முதல் நாள் மாலையே படகை நேரில் போய்ப் பாருங்கள். கேட்க வேண்டியவை:

- பயணிகளை ஏற்ற அனுமதி இருக்கிறதா?
- ஒரு படகில் எத்தனை பேர்?
- ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா? சிறுவர்களுக்கு அவர்கள் அளவில் உண்டா?
- இயந்திரம் நின்றுபோனால் என்ன ஏற்பாடு? கரையோடு பேச என்ன கருவி இருக்கிறது?
- வெயிலுக்கு மேற்கூரை உண்டா?
- கட்டணம் ஆளுக்கா, படகுக்கா? எத்தனை மணிநேரம்?

சிறுவர் அங்கி இல்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் படகை விட்டுவிடுங்கள். பெரியவரின் அங்கி பிள்ளையின் தலைவழியே கழன்று போகும். அங்கிகளை முதல் நாளே போட்டுப் பார்த்து, பட்டிகள் பூட்டுகின்றனவா என்று சரிபாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி உண்டு. "அண்ணே, திமிங்கிலத்துக்கு எவ்வளவு கிட்டப் போவீங்க?" என்று கேளுங்கள். "தொட்டுப் பார்க்கிற அளவுக்குப் போகலாம்" என்று பெருமையாகச் சொல்பவரிடம் போகாதீர்கள். ஏன் என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

4. உடம்பையும் பையையும் ஆயத்தப்படுத்துங்கள்

பயணம் மூன்று முதல் ஐந்து மணிநேரம் வரை நீளலாம். வாந்தி வரும் உடம்பு என்றால் அதற்கான குளுசையைப் பாமசியில் முன்கூட்டியே கேட்டு வாங்கி, படகேறுவதற்கு ஒரு மணிநேரம் முன்பு எடுத்துக்கொள்ளுங்கள். வேறு மருந்து எடுப்பவர்களும் சிறுபிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்டபின்னரே எடுக்கவேண்டும். வெறும் வயிற்றிலும் போகாதீர்கள், வயிறு முட்டத் தின்றுவிட்டும் போகாதீர்கள். இரண்டு துண்டு பாணும் ஒரு வாழைப்பழமும் போதும்.

சிறு படகு அலையில் எழும்பி விழும்போது முதுகில் பலமாக இடிக்கும். கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் கரையில் தங்குவதே நல்லது. ஏழாம் படி அவர்களுக்கானது.

பையில் இவை இருக்கட்டும்: நீண்ட கைச் சட்டை, பட்டி உள்ள தொப்பி, வெயில் களிம்பு, தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், மாற்றுடை, தொலைநோக்கி இருந்தால் அதுவும். கைத்தொலைபேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள். ஷொப்பிங் பைகளும் சோற்றுப் பார்சல் தாள்களும் காற்றில் பறந்து கடலில் விழும். அவற்றைக் கரையிலேயே விட்டு, உணவை மூடியுள்ள டப்பாவில் கொண்டுபோங்கள்.

5. கடலில் எப்படித் தேடுவது

படகில் அலைக்குத் தக்கபடி நின்று பழகாதவர்கள் பின்பக்கம் உட்காருங்கள். அங்கே குலுக்கல் குறைவு. தலை சுற்றினால் தொலைபேசியைப் பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள்.

திமிங்கிலத்தைத் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது அதன் மூச்சை. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக மேலெழும்பும். காற்றில்லாத காலையில் ஒன்பது மீற்றர் வரையும் உயரும். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத்துளை தலையின் இடப்பக்கத்தில் இருப்பதால் அதன் மூச்சு முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து, புதர்போல் தாழ்வாகத் தெரியும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால் பெரியவர்களுக்கு முன் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

இரண்டுக்கும் காத்திருக்கும் நேரம் வேறு. நீலத் திமிங்கிலம் பலமுறை மூச்சுவிட்டு முங்கினால் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி வரும். ஸ்பேர்ம் திமிங்கிலம் கணவாய் தேடி ஆழம் போனால் முக்கால் மணிநேரமும் ஆகலாம். முங்கும்போது நமது கடலின் நீலத் திமிங்கிலங்கள் வாலைத் தூக்குவது அடிக்கடி காணும் காட்சி. வால் எழுந்தால் அது ஆழம் போகிறது என்று பொருள். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பொறுமையாக இருங்கள். முதுகு மட்டும் தெரிந்து மறையும்போது அதன் அளவு பிடிபடாது. இரண்டு இ.போ.ச. பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம் அது.

நீரில் செம்மஞ்சள் நிறக் கலங்கலைக் கண்டால் படகோட்டிக்குக் காட்டுங்கள். சிறு இறால் வகைகளைத் தின்ற நீலத் திமிங்கிலத்தின் கழிவு அது. சுழலும் டொல்பின் கூட்டமும் பெரும்பாலான நாட்களில் எதிர்ப்படும்.

முற்பகல் ஏற ஏறக் கச்சான் காற்று எழும்பும். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் திரும்பி வருகையில் படகு அதற்கு எதிராக வரவேண்டும். தண்ணீர் முகத்தில் அடிக்கும். "இன்னும் கொஞ்சத் தூரம்" என்று படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். திரும்ப வேண்டிய நேரம் அவருக்குத் தெரியும்.

6. நூறு மீற்றரை மறவாதீர்கள்

இந்தப் பயணத்தில் எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. இலங்கையில் கடற் பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கு 2012இல் சட்ட ஒழுங்குவிதிகள் வந்தன. திமிங்கிலத்திலிருந்து குறைந்தது 100 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. ஸ்வால்பார்ட்டிலும் இதே நெறிதான். 2025 முதல் அங்கே பனிக்கரடியிலிருந்து 300 மீற்றரும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீற்றரும் விலகியிருக்க வேண்டும்.

திமிங்கிலம் மேலே வருவது மூச்செடுக்கவும் அடுத்த முங்கலுக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளவும். அந்தச் சில நிமிடத்தில் படகு துரத்தினால் மூச்சு நிறையாமலே கீழே போகிறது. இரை தேடும் நேரம் குறைகிறது. துரத்திய படகிலிருப்பவர்கள் காண்பதும் மறையும் முதுகை மட்டுமே. தள்ளி, அமைதியாக நின்ற படகின் அருகில் திமிங்கிலம் தானாக எழுவதும் உண்டு.

படகில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டியவை:

- பக்கவாட்டில், அதன் வேகத்துக்கு ஒப்பவே போகவேண்டும். முன்னால் குறுக்கிடக் கூடாது.
- தாயையும் குட்டியையும் படகு பிரிக்கக் கூடாது.
- ஏற்கெனவே படகுகள் சூழ்ந்திருந்தால் விலகி முறை வரக் காத்திருக்க வேண்டும்.
- அனுமதியின்றி நீரில் குதித்து அதனருகே நீந்தக் கூடாது.
- கூச்சல், பாட்டுப் பெட்டி, உணவு எறிதல் எதுவும் கூடாது.

பல படகோட்டிகள் நெருங்கிப் போவது பயணிகளின் மகிழ்ச்சிக்காகவே. கிட்டப் போனால்தான் கூடுதல் காசு கிடைக்கும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஆகவே இதை மாற்றும் வலிமை பயணிகளிடம்தான் இருக்கிறது. "அண்ணே, கிட்டப் போக வேணாம், இங்கயே நிப்பாட்டுங்க" என்று ஒருவர் சொன்னால் போதும். தள்ளி நின்று காட்டிய படகோட்டிக்கு, கரையேறியதும் அதைச் சொல்லி, கையில் கூடுதலாக ஏதாவது கொடுங்கள்.

7. கரையில் தங்குபவர்களுக்கும், காணாமல் திரும்புபவர்களுக்கும்

கடலுக்குப் போனவர் எல்லோரும் திமிங்கிலத்தைக் காண்பதில்லை. அதை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். திருக்கோணேச்சரம் நிற்கும் குன்று கடலுக்கு நேரே செங்குத்தாக எழுவதால், கடல் தெளிந்த காலையில் அங்கிருந்தே தூரத்து மூச்சைக் காணமுடியும். வழிபாட்டை முடித்துக்கொண்டு தொலைநோக்கியோடு ஒருமணிநேரம் உட்காருங்கள். மூத்தவர்களுக்கு இதுவே சிறந்த இடம்.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. நுழைவுச்சீட்டு வாங்கிப் படகில் போய் முருகைக்கற்களையும் மீன்களையும் பார்க்கலாம். முருகைக்கல் உயிருள்ளது, அதன்மேல் கால் வைக்கவோ உடைத்து எடுக்கவோ கூடாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வரலாறும் இங்கே உண்டு. 1979இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதன்பின் 1982 முதல் 1984 வரை 'டியூலிப்' என்ற சிறு பாய்மரக் கப்பலில் ஹால் வைட்ஹெட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தக் கடலில் அலைந்தார்கள். நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி, ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் ஒலியைக் கேட்டே அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். துரத்தாமல், காதுகொடுத்துக் கேட்டு அறிந்த அறிவு அது.

8. அவசரத்துக்கு

பொலிஸ் 119. சுவசெரிய அம்புலன்ஸ் 1990. இது இலவசச் சேவை. புறப்படும் நேரம், படகோட்டியின் பெயர், தொலைபேசி இலக்கம், திரும்பும் நேரம் நான்கையும் தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, அந்த நூறு மீற்றர் பற்றி ஒரு சொல். 2022இல் எம்எஸ்சி என்ற மாபெரும் கப்பல் நிறுவனமே தேவேந்திரமுனைக்கு அருகில் திமிங்கிலங்கள் கூடும் கடலைத் தவிர்த்துத் தன் கப்பல்களைத் தெற்கே விலகிப் போகச் செய்தது. அவ்வளவு பெரிய கப்பல்கள் வழிமாற முடியும் என்றால், பத்துப் பேர் போகும் படகு 100 மீற்றர் தள்ளி நிற்கவும் முடியும். ஊரிலிருந்து அடுத்துப் போகிறவர்களுக்குப் படகுக்காரரின் இலக்கத்தைக் கொடுக்கும்போது, இந்த 100 மீற்றரையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.