வளைவு வந்ததும் எழுந்து நிற்கிறாள்

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வருடமாக ஸ்கேட்டிங். சனி, ஞாயிறு இரண்டு நாளும் திண்டிவனத்திலிருந்து பைக்கில் விழுப்புரம் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். ஜனவரியில் ஒரு போட்டியில் வளைவில் விழுந்து மணிக்கட்டில் எலும்பு விரிசல், தாடையில் நாலு தையல். மாவுக்கட்டு பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. நேர்ப் பாதையில் பழைய வேகம் வந்துவிட்டது. வளைவு வந்ததும் எழுந்து நின்று வேகத்தைக் குறைத்துவிடுகிறாள். "பயப்படாதே" என்று ஓரத்தில் நின்று கத்தியதில் என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடன் வாங்கிப் புது ஷூ எடுத்தேன், இரண்டு வருடம் வரட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக. விளையாட்டு ஒதுக்கீட்டில் பின்னால் ஒரு வழி பிறக்கும் என்று நம்பியிருந்தேன். கட்டாயப்படுத்தலாமா, நிறுத்திவிடலாமா?
– ஒரு தந்தை, திண்டிவனம்

பதில்: முதலில் அந்த ஷூவைப் பார்ப்போம்.

பள்ளிக்கூட ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். ஸ்கேட்டிங் ஷூவுக்கு அது ஆகாது. வளைவில் உடல் உள்பக்கம் சாயும், வலது கால் இடது காலைத் தாண்டி விழும். அந்த நேரத்தில் குதிகால் ஷூவுக்குள் அரை விரல் அளவு தூக்கினாலும் போதும், கால் நினைத்ததைச் சக்கரம் கேட்காது. நீங்கள் அதை விழுவதற்கு முன் வாங்கினீர்களா, பின் வாங்கினீர்களா என்று எழுதவில்லை. எப்படியானாலும் நீங்கள் பயம் என்று சொல்வதில் ஒரு பங்கு அவள் கணுக்கால் சொல்லும் உண்மையாக இருக்கலாம். பன்னிரண்டு, பதிமூன்றில் கால் திடீரென்று நீளும் வயதும்கூட. போன வருடம் கைவந்த சமநிலையை இந்த வருடம் உடல் மறுபடி கற்கவேண்டியிருக்கும்.

இனி பயம். பனிச்சறுக்கு முதல்முறை பழகுபவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். சரிவைப் பார்த்ததும் உடல் தானாக மலைப்பக்கம், பின்னால் சாயும். பாரம் பலகையின் வாலுக்குப் போய்விடும், பலகை திரும்பாது, விழுவார்கள். பள்ளத்தை நோக்கி முன்னால் சாய்ந்தால்தான் பலகை பேச்சைக் கேட்கும். உங்கள் மகளுக்கும் இதுதான் நடக்கிறது. முட்டி மடங்கித் தாழ்ந்திருக்கும்வரை வளைவு அவள் கையில். பயந்து நிமிர்ந்தால் பாரம் மேலே ஏறுகிறது, தடுமாற்றம் கூடுகிறது, பயம் சொன்னது சரிதான் என்று ஆகிவிடுகிறது. இந்தச் சுழலை "பயப்படாதே" என்ற சத்தத்தால் உடைக்க முடியாது. முட்டிக்குக் காது கிடையாது.

பனிச்சறுக்குப் பந்தயத்தில் உலகின் தலைசிறந்த வீராங்கனை அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின். 2024 நவம்பர் 30 அன்று தன் 100-வது உலகக் கோப்பை வெற்றிக்கு மிக அருகில் வந்தபோது விழுந்தார். வயிற்றின் ஓரத்தில் ஆழமான குத்துக்காயம். இரண்டே மாதத்தில் பந்தயத்துக்குத் திரும்பினார். ஆனால் எதற்குத் திரும்பினார் என்பதைக் கவனியுங்கள். திருப்பங்கள் நெருக்கமாகவும் வேகம் குறைவாகவும் இருக்கும் ஸ்லாலம் பிரிவுக்கு. அவர் விழுந்தது ஜயண்ட் ஸ்லாலத்தில். அப்போது அதில் நடப்பு உலகச் சாம்பியனாக இருந்தவர் அவர்தான். இருந்தும் 2025 பிப்ரவரி உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் அந்தப் பிரிவில் இறங்கவில்லை. மனம் இன்னும் தயாராகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம் ஸ்லாலத்தில் அந்த 100-வது வெற்றியும் வந்தது. அத்தனை பதக்கம் வாங்கியவருக்கே காயம் ஆறிய பிறகும் பயம் ஆற நாளாயிற்று. ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு இரண்டு மாதம் என்பது தாமதமே இல்லை.

இன்னொரு பயம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச விரும்புகிறேன். போட்டிகளில் குழந்தை விழுந்தால் அது முதலில் எங்கே பார்க்கிறது என்று கவனிப்பேன். சிராய்த்த முட்டியைப் பார்ப்பது அப்புறம்தான். முதல் பார்வை பெற்றோர் நிற்கும் பக்கம் போகும். ஒருமுறை ஒரு சிறுமி விழுந்து எழுந்தாள். ஹெல்மெட் வாருக்குக் கீழே தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்பா வீடியோ எடுத்தபடி செல்போனைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தார், அவர் முகம் அவளுக்குத் தெரியவே இல்லை. செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றும் எனக்கு மனதைப் பிசைகிறது.

உங்கள் மகளுக்கு வளைவில் இரண்டு சுமை. விழுந்துவிடுவோமோ என்பது ஒன்று, அப்பாவின் கடன் ஷூவோடு விழுந்துவிடுவோமோ என்பது இன்னொன்று. ஒதுக்கீட்டைப் பற்றி நீங்கள் நினைப்பதில் தவறே இல்லை, அரசு வேலையில் 3 சதவீதம் என்பது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய கதவு. அந்த நினைப்பு உங்களோடு இருக்கட்டும், அவள் சக்கரத்துக்கு அடியில் வரவேண்டாம். பலனை முன்கூட்டியே நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஓட்டமே சாட்சி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023 அக்டோபர் 2 அன்று ஆண்கள் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டம் நடந்தது. முன்னால் வந்த தென்கொரிய வீரர் கோட்டைத் தொடும் முன்பே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பின்னால் வந்த தைவான் வீரர் காலை நீட்டினார். 0.01 வினாடியில் தங்கம் கைமாறியது. முடிவு மனதுக்குள் வந்துவிட்டால் வளர்ந்தவர் காலே அடுத்த அடியை மறந்துவிடுகிறது. அதே ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியில் நம் தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். 2025-ல் சீனாவில் 1000 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆனார், இந்தியருக்கு அது முதல்முறை. நடுவே இரண்டு வருட உழைப்பு இருந்தது.

ஆகவே கட்டாயமும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அவளாக "வேண்டாம்" என்றால் அது வேறு, அப்போது மதித்துவிடுங்கள். கோச்சிடம் பேசி ஒரு மாதத்துக்குப் போட்டி என்ற பேச்சையே தள்ளிவையுங்கள். புல்தரையில் முட்டி, முழங்கை, மணிக்கட்டுக் கவசத்தோடு விழுந்து பழகட்டும். விழத் தெரிந்த உடம்பு அத்தனை விறைக்காது. பிறகு காலி மைதானத்தில், அவள் வழக்கமாக நிமிர்கிற இடத்தில் சாக்பீஸால் அவளையே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வலது காலை இடது காலைத் தாண்டிப் போடாமல், இரண்டு காலும் தரையில் உருள, மெதுவாக அந்தக் கோடுவரை தாழ்ந்தே வந்தால் போதும். கோட்டை முன்னால் நகர்த்தும் உரிமை அவளுக்கு மட்டுமே, கோச்சுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. கண் வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும், விழுந்த இடத்தில் வேண்டாம்.

தூக்கத்தில் அலறுவது, விழுந்த காட்சி திரும்பத் திரும்ப வருவது, மைதானப் பேச்சு எடுத்தாலே வாந்தி, வயிற்றுவலி என்று இருந்தால் காத்திருக்காதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

திரும்பி வரும் வழியில் பைக்கில் பயிற்சியைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். விக்கிரவாண்டி தாண்டட்டும், கூட்டேரிப்பட்டு தாண்டட்டும். அவளாகப் பேசினால் கேளுங்கள். அந்தப் பெரிய ஷூவை மாற்றித்தர கடைக்காரர் ஒப்புக்கொள்கிறாரா என்று இந்த வாரமே விசாரியுங்கள், முடியாவிட்டால் மூத்த பிள்ளைகள் போட்டு விட்ட, காலுக்குச் சரியான பழைய ஷூ கிடைக்குமா என்று கோச்சிடம் கேளுங்கள். போடும்போது பயிற்சிக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டு, அவள் எழுந்து நின்று முட்டியை மடக்கிப் பார்க்கட்டும். குதிகால் தூக்குகிறதா என்று அவள்தான் சொல்லவேண்டும்.