ரயிலடியை வெட்டு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் ‘தண்டவாளம்’ கதையைப் படித்தேன். பட்டாளத்துக் கதை என்றாலே ரயிலடியில் ஒரு அம்மா அழுதாக வேண்டும்; நீயும் அழவைத்துவிட்டாய். தொலையட்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். பிளஸ் டூ முடித்து 2024இல் சேருகிறான் உன் செந்தில். அவன் அப்பா கடன்காரனிடம், “இனி ஆயுசுக்கும் பென்ஷன்” என்கிறார். நீயும் அதை நம்பிக் கதையை முடிக்கிறாய். அக்னிவீரனுக்கு ஏதடா பென்ஷன்? 2022 ஜூனில் அக்னிபத் வந்த பிறகு சிப்பாயாகச் சேருகிறவனுக்கு நாலே வருஷம். அறிவித்த திட்டப்படி நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவன் சுமார் 11.71 லட்சம் சேவாநிதியோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். அதிலும் பாதி அவன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த காசு.

அப்புறம், ஏன் எல்லாச் சிப்பாயும் பனிமலையில் துப்பாக்கியோடு நின்று வசனம் பேசுகிறான்? லங்கரில் சப்பாத்தி சுடுகிறவன், சிக்னல்ஸில் கேபிள் இழுக்கிறவன், லாரிக்கு அடியில் கிரீஸோடு படுத்துக் கிடக்கிறவன், கிளார்க், முடி வெட்டுகிறவன் எல்லாரும் பட்டாளம்தான். வெலிங்டனில் நான் ரங்ரூட்டாக இருந்தபோது பாரக்கில் எவனும் எல்லையைப் பற்றிப் பேசியதில்லை. பக்கிளுக்கு பிராஸோ தேய்ப்போம். பூட்ஸ் முனையில் உஸ்தாத் முகம் தெரிய வேண்டும். இந்தி புரியாத ராமநாதபுரத்துப் பையன் ஒருவன், ‘பீச்சே முட்’ என்றால் திரும்பாமல் நேரே போய்க்கொண்டே இருப்பான். அவனுக்காக மொத்தப் பேரும் குளிரில் மைதானத்தைச் சுற்றுவோம். திட்டிக்கொண்டே ஓடுவோம், ராத்திரி அவனுக்கே இந்தி சொல்லிக்கொடுப்போம்.

ஆனால் அந்த ஓர் இடம்! விடியக் கருக்கலில் பைபாஸ் ஓரம் செந்தில் ஓடுகிறான். தங்கை செல்போனில் நேரம் பார்க்கிறாள். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால்தான் முழு 60 மார்க். போன் 34 காட்டுகிறது. அவள் “28” என்கிறாள். அடேயப்பா! இத்தனை காலம் எழுதிய எனக்கு இப்படி ஒரு மூன்று வரி வாய்க்கவில்லை.

அந்தப் பொய்தான் உன் கதை. அதை நாலாம் வருஷத்துக்குக் கொண்டுபோ. அந்த 25 பேரில் தான் உண்டா என்று தெரியாமல் செந்தில் லீவில் வரட்டும். அப்பா மாடி எடுக்க மேஸ்திரி போட்ட எஸ்டிமேட்டை நீட்டட்டும். இப்போது யார், யாரிடம், எத்தனை நொடி குறைத்துச் சொல்வது?

ரயிலடியை வெட்டு. பென்ஷனை வெட்டு. தீபாவளி மலருக்குள் திருத்தி அனுப்பு. ஆசிரியரிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
பழைய பட்டாளத்தான்