தானே இறங்கும் மிதிபலகையும் அதன் மோட்டாரும்

மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் அவற்றின் இருமருங்கிலும் ஏறுவதற்கென நீண்ட மிதிபலகை அமைந்திருந்தது. 1908ஆம் ஆண்டில் வெளிவந்த போர்டு டி வண்டியின் படங்களில் அதனை நன்கு காணலாம். வண்டிகள் தாழ்ந்தும் அகன்றும் அமையத் தொடங்கவே, அது வேண்டாததாய் மறைந்தது. பின்னர், எஸ்.யூ.வி. எனப்படும் உயர்ந்த வண்டிகள் அமெரிக்காவில் பெருகியபோது, மிதிபலகை மீண்டும் தோன்றி, நாளடைவில் மின்சாரத்தால் இயங்குவதாயிற்று. 2003ஆம் ஆண்டு மாதிரியாகிய லிங்கன் நேவிகேட்டர் இவ்வமைப்பைப் பெற்றிருந்தது. கதவைத் திறப்பின் பலகை இறங்கும்; மூடின் சற்றுநேரத்தில் உள்ளே மடங்கும்.

இஃது இயங்குமாற்றை முதற்கண் அறிவோம். பலகையைத் தாங்குவன கீல்கள். அவற்றுள் ஒன்றில் சிறு மோட்டார் பூட்டப்பட்டிருக்கும். அதன் விரைந்த சுழற்சியைப் பற்சக்கரங்கள் குறைத்து வலிமையாக மாற்றுகின்றன. பலகை தன் எல்லையை முட்டியதும் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். அதனை உணரும் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தை நிறுத்திவிடும்.

பலகை அசையாது நின்றவுடன் புதிய மோட்டாருக்குப் பணம் செலுத்துவோர் பலர். இது நோயறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். இருபக்கத்துப் பலகைகளும் ஒருங்கே நின்றனவாயின், இரண்டு மோட்டார்களும் ஒரேநாளில் கெட்டன என்று கொள்ளுதல் பொருந்தாது. பியூசையும், தானியங்கு நிலையை நிறுத்தும் சுவிட்சையும் முதலில் நோக்குக. ஒருபக்கம் மட்டும் நின்றதாயின், மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். கதவைத் திறக்கும்போது மோட்டாரின் மின்னிணைப்புக்கு மின்சாரம் வருகின்றதா? மோட்டாரைக் கழற்றியபின் கீல் கையால் எளிதில் அசைகின்றதா? கழற்றிய மோட்டார் தனியே சுழல்கின்றதா? முன்னிரண்டிற்கும் 'ஆம்' என்றும், மூன்றாவதற்கு 'இல்லை' என்றும் விடை வரின், மோட்டாரே குற்றமுடையது என்க.

இனி, கழற்றும் முறை. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுக. ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின்கீழ்ப் படுத்தல் உயிருக்குக் கேடு. மின்சாரம் வருகின்றதா என்னும் சோதனையை மீட்டரைக்கொண்டு முடித்தபின், பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுக. ஒருவர் கீலிடையே கைவைத்திருக்க மற்றொருவர் கதவைத் திறப்பாராயின், விரல்கள் நசுங்கும். மோட்டார் நீங்கியவுடன் பலகை தாழ்ந்து விழக்கூடுமாதலின், அதன்கீழ் மரக்கட்டையை வைத்துத் தாங்குக. பின்னர் மின்னிணைப்பைப் பிரித்து, மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகாணிகளைக் கழற்றின் அது கையோடு வந்துவிடும். வேறொரு 12 வோல்ட் பாட்டரியிலிருந்து பியூசுடன் கூடிய கம்பிகளால் அதற்கு நொடிப்பொழுது மின்சாரம் ஊட்டிப் பார்க்கலாம். முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் சுழலுதல் வேண்டும்.

புதிய மோட்டார் அந்தப் பக்கத்திற்கே உரியதா என்று ஒப்பிட்டு, பற்கள் பொருந்துமாறு அமைத்து, திருகாணிகள் யாவற்றையும் முதலில் விரலாலேயே தொடுக்குக. அலுமினியத்தில் வெட்டிய மரை எளிதில் அழியுமாதலின், வண்டிக்குரிய கையேடு கூறும் அளவிற்குமேல் முறுக்கலாகாது. மின்னிணைப்பின் உட்புறம் துருவற்று உலர்ந்திருத்தல் வேண்டும். இறுதியில் பாட்டரியை இணைத்து, அருகில் ஒருவருமில்லாதபோது கதவைச் சிலமுறை திறந்து மூடிப் பார்க்க.

நிற்க. மோட்டார் ஏன் கெட்டது என்பதே தலையாய வினா. பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பும், சேறும் மணலும் கீலின் அச்சாணிகளிற் புகுந்து இறுக்கிவிடுகின்றன. இறுகிய கீலை நாள்தோறும் தள்ளித்தள்ளியே மோட்டார் எரிகின்றது. அக்கீலை அவ்வாறே விட்டுப் புதிய மோட்டாரைப் பூட்டினால், அதுவும் பழையதன் வழியே செல்லும். ஆதலின் பலகையை இறக்கிய நிலையில் வைத்து, மோட்டாரின்மேல் நீர் பாயாதவாறு கீல்களை நன்கு கழுவி, உலர்ந்தபின் அச்சாணிகளில் சிலிக்கோன் எண்ணெயைத் தெளித்தல் வேண்டும். மண்ணை ஈர்த்துப் பிடிக்கும் கெட்டியான கிரீசு இதற்கு ஆகாது. காலூன்றும் மேற்பரப்பில் எண்ணெய் படவே கூடாது. படியை நம்பி இறங்கும் முதியவர் வழுக்கி விழுவர்.

பழுதுற்ற பொருளை மாற்றுதல் பாதி வேலையே. அதனைப் பழுதாக்கிய காரணத்தை நீக்குதலே எஞ்சிய பாதி. செலவு குறைந்ததும் அதுவே.