கணிப்பொறிக் கணக்கு: வாங்கும் முன் நாம் கவனிக்க வேண்டியவை

மென்பொருள் விற்பவர் காட்டுவதில் மயங்காமல், நம் கடைக்கு என்ன தேவை என்பதை முதலில் தாளில் எழுதிக்கொள்வோம்.

1. மளிகைக்கு, மூட்டையாக வாங்கிக் கிலோவாக விற்கும் கணக்கு வேண்டும். மருந்துக் கடைக்கு பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் வேண்டும். மொத்த வியாபாரத்திற்கோ பாக்கிக் கணக்கே உயிர்.

2. 2017-18 முதல் ஏதேனும் ஓராண்டில் விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகருக்கு விற்கும்போது மின் விலைப்பட்டியல் கட்டாயம் (2023 ஆகஸ்ட் 1 முதல்). அந்த வசதி உள்ளதா?

3. ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டுப் படிவத்தின் கெடு நாளிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். சந்தா நின்றாலும் பழைய கணக்கு கைக்கு வருமா? எழுத்தில் வாங்குவோம்.

நம் சரக்கு, நம் பில்களைக் கொண்டே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பிறகு பணம் கட்டுவோம்.